கூட்டுறவைக் கற்பிக்கும் பொதுப் பாடப்பொருள்: கிள்ளான் பள்ளத்தாக்கை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

உறுப்பினர்க்குக் கல்வி அளித்தல் கூட்டுறவின் கடமைகளுள் ஒன்று என்னும் கருத்து, 1844-இல் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் கடை தொடங்கிய முன்னோடிகள் காலந்தொட்டு வலியுறுத்தப்பெற்று வருகிறது. அனைத்துலகக் கூட்டுறவு ஒன்றியம் 1995-இல் மான்செஸ்டரில் ஏற்றுக்கொண்ட ஏழு கொள்கைகளுள் ஐந்தாவதும் இதுவே. மலேசியாவில் 1956-இல் கூட்டுறவுக் கல்லூரியும் 1971-இல் அங்காசா என்னும் தேசியக் கூட்டுறவு இயக்கமும் தோன்றின. இடைநிலைப் பள்ளிகளில் மாணவர்களே உறுப்பினராகும் பள்ளிக் கூட்டுறவுச் சங்கங்கள் இயங்குகின்றன. இச்சூழலில், தமிழில் கூட்டுறவைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு எத்தகைய பாடப்பொருள் தேவை, அதனை எம்முறையில் பொதுவுடைமையாக ஆக்கலாம் என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

1. சொல்லில் தொடங்கும் சிக்கல்

தமிழில் 'சங்கம்' என்னும் சொல் புலவர் அவையையும் குறிக்கும்; தொழிற்சங்கத்தையும் குறிக்கும்; கூட்டுறவு அமைப்பையும் குறிக்கும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முதலியோர் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தம் தொழிலாளர் ஒற்றுமைக்குப் பெருஞ்சான்றாகும். எனினும் அதனைக் கூட்டுறவுக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளுதல் பொருந்தாது. தொழிற்சங்கம் முதலாளியிடம் உரிமை கோருகிறது. கூட்டுறவோ உறுப்பினரையே உரிமையாளராக்க முனைகிறது.

இதனினும் நுட்பமானது 'கூட்டு' என்னும் சொல். மலேசியத் தமிழர் வழக்கில் அது, பலர் மாதந்தோறும் பணம் செலுத்தி முறைவைத்து ஒருவர் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் சுட்டும். அதனை வணிகமாக நடத்துவதை 1971-ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம் விலக்கியுள்ளது. தமிழ்ச் சொல்லொன்றே சட்டத்தின் பெயரில் இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது. தன் வீட்டில் 'கூட்டு' பற்றிக் கேட்டு வளர்ந்த மாணவன், கூட்டுறவும் அதுதானோ என ஐயுறுதல் இயல்பே. இரண்டிற்கும் நம்பிக்கையே முதல். ஆனால் பதிவு, துணைவிதி, கணக்குத் தணிக்கை, ஓர் உறுப்பினர்க்கு ஒரு வாக்கு ஆகியன கூட்டுறவுக்கே உரியவை. பாடம் இவ்வேறுபாட்டிலிருந்து தொடங்குதல் நலம்.

2. போற்றுதலும் கற்பித்தலும்

நம் சூழலில் கூட்டுறவுக்குத் தலையாய எடுத்துக்காட்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆகும். 1950-களில் ஐரோப்பிய உரிமையாளர்கள் தோட்டங்களை விற்க, வாங்கியோர் அவற்றைச் சிறுசிறு கூறுகளாக்கி விற்றனர். இத்தோட்டத் துண்டாடலால் வேலையையும் குடியிருப்பையும் ஒருசேர இழந்தோர் பலர். துன் வீ.தி. சம்பந்தன் தோட்டந்தோறும் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளரின் சேமிப்பைத் திரட்டி, 1960-இல் இச்சங்கம் உருவாக வழிகோலினார். அடுத்த ஆண்டே கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையாயிற்று.

இவ்வரலாறு விழா மலர்களில் தலைவர் ஒருவரின் தியாக வரலாறாகவே பெரிதும் உருப்பெறுகிறது. நன்றி பாராட்டுதல் மலருக்கு ஏற்ற பண்பே. வகுப்பறைக்கு அது போதாது. பங்கு வாங்கிய தொழிலாளி ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உரிமையாளராக வாக்களித்தான். மறுநாள் விடியற்காலையில் அதே நிறுவனத்தின் கூலியாளாக மரம் சீவினான். ஈவுத்தொகை உயர வேண்டுமெனில் கூலி குறைய வேண்டுமோ? தோட்டத்தில் வேலை செய்யாத உறுப்பினரின் நலனும் வேலை செய்யும் உறுப்பினரின் நலனும் ஒன்றா? இவ்வினாக்களை எழுப்பும்போதே வரலாறு பாடமாகிறது. பிரிக்பீல்ட்சில் துன் சம்பந்தன் சாலை வழியே நடக்கும் மாணவனுக்கு அப்பெயரோடு இவ்வினாக்களும் சென்று சேர வேண்டும்.

இதற்கான சான்றுகள் நம் அருகிலேயே உள்ளன. மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ், 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த தோட்டத் துண்டாடலை விரிவாக ஆய்ந்து அறிக்கை அளித்தவர். அங்காசாவை நெடுங்காலம் வழிநடத்தியவரும் அவரே. அவ்வறிக்கையின் செய்திகளை எளிய தமிழில் தருதல் பாடப்பொருளின் முதற்பணியாகலாம்.

தோல்விகளும் இடம்பெற வேண்டும். 1986-இல் வைப்புத்தொகை பெற்றுவந்த 24 கூட்டுறவுச் சங்கங்களின் செயற்பாடு முடக்கப்பட்டது. மேற்பார்வை தளர்ந்தால் கூட்டுறவு என்னும் பெயர் மட்டும் எவரையும் காவாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

3. தமிழகப் பாடநூல்களின் எல்லை

தமிழகத்தில் கூட்டுறவுக் கல்வி மரபு நீண்டது. 1904-இலேயே சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிவிட்டது. பேரவை, நிர்வாகக் குழு, பண்டகசாலை, சிக்கன நாணயச் சங்கம் முதலிய கலைச்சொற்களை அம்மரபிலிருந்து நாம் தயங்காது ஏற்கலாம். ஆனால் அப்பாடநூல்கள் தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983-ஐ ஒட்டியவை. நமக்குரியதோ மலேசியாவின் 1993-ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே அவற்றை அப்படியே பயன்படுத்தல் இயலாது. திருத்திப் பயன்படுத்தவோ உரிமம் வேண்டும்.

4. இலவசமும் பொதுமையும்

ஆசிரியர்கள் தாம் உருவாக்கிய பயிற்றிகளைப் புலனக் குழுக்களில் தாராளமாகப் பகிர்கின்றனர். இவை இலவசமானவை, பொதுவானவை அல்ல. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படைத்தவர் மறைந்து ஐம்பது ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். வெளிப்படையான உரிமம் இல்லாத பயிற்றியைத் திருத்தி மறுபடி வெளியிடுதல் ஐயத்திற்கு இடமானது. யுனெஸ்கோ 2019-இல் வெளியிட்ட பரிந்துரையும் பயன்படுத்தல், மாற்றியமைத்தல், மறுபகிர்வு ஆகியவற்றுக்கு இடந்தரும் திறந்த உரிமத்தையே திறந்த கல்வி வளத்தின் அடையாளமாகக் கொள்கிறது.

உரிமம் மட்டும் போதுமா எனின், போதாது. பொதுவளங்கள் நிலைபெறுவதற்குப் பயனாளரே வகுத்த விதிகளும் கண்காணிப்பும் தேவை என எலினார் ஆஸ்ட்ரம் 1990-இல் வெளிவந்த தம் நூலில் நிறுவினார். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டமும் தன்னார்வலர் உழைப்பால் நிலைபெற்றவை. எனினும் நூலைப் பாதுகாப்பது வேறு. ஆண்டுதோறும் திருத்தப்பட வேண்டிய பாடத்தைப் பேணுவது வேறு. திருத்துவோர் யார், சரிபார்ப்போர் யார், கருத்து வேறுபடின் முடிவு செய்வோர் யார் என்பவற்றிற்கு விதி வகுக்காத பொதுப்பொருள், நாளடைவில் ஆர்வமிக்க ஓரிருவரின் சுமையாகிவிடும். அவர்கள் ஓய்ந்ததும் அதுவும் ஓயும்.

முடிவுரை

கூட்டுறவைப் பற்றிய பாடப்பொருள் கூட்டுறவு முறையிலேயே உருவாதல் தகும் என்பது மேற்கண்டவற்றால் பெறப்படும். கிள்ளான் வட்டாரத் தமிழாசிரியர் சிலர் பாடங்களை வரையலாம். பல்கலைக்கழக மாணவர் சான்றுகளைத் தொகுத்துச் சரிபார்க்கலாம். சங்க உறுப்பினர் தம் பட்டறிவை வழங்கலாம். அனைவர்க்கும் ஒரு வாக்கு, ஆண்டுக்கொருமுறை திருத்தம். இப்பணி காலந்தாழ்த்தத் தக்கதன்று. 1960-களில் பத்து வெள்ளி சேமித்த தலைமுறையினர் மறைந்து வருகின்றனர். அவர்தம் சொற்களை இசைவு பெற்றுப் பதிவு செய்யாவிடின், நாளைய ஆசிரியர்க்கு எஞ்சுவது சாலையின் பெயர்ப்பலகை மட்டுமே.