திணை மாறும் இயந்திரம்: 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' விளையாட்டும் சுஜாதாவின் ஜீனோவும்

அறிவியல் புனைகதை குறித்த தமிழாய்வுகள் பெரும்பாலும் அச்சுநூல்களோடு நின்றுவிடுகின்றன. கதை சொல்லும் கணினி விளையாட்டுகள் திறனாய்வின் எல்லைக்குள் வாராதன என்னும் எண்ணம் இதற்குக் காரணமாகலாம். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதற்கு, இங்கிலாந்தின் ரெவல்யூஷன் சாப்ட்வேர் நிறுவனம் 1994இல் உருவாக்கிய 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' தக்க சான்று. 'வாட்ச்மென்' சித்திரக்கதையின் ஓவியர் டேவ் கிப்பன்ஸ் இதன் காட்சிகளை வரைந்தார். 2003இல் இது இலவசமாக வழங்கப்பெற்றது.

ஆஸ்திரேலியப் பாழ்நிலத்தில் வளர்ந்த ராபர்ட் பாஸ்டர் என்பவன், லிங்க் எனும் கணினி ஆளும் நகருக்குக் கடத்தி வரப்படுகிறான். அந்நகரில் உழைப்போர் புகை சூழ்ந்த மேல்தளங்களிலும் செல்வர் கீழ்த்தளத்திலும் வாழ்கின்றனர். பாஸ்டரின் துணை, அவனே பழைய பொருள்களைக் கொண்டு உருவாக்கிய ஜோயி என்னும் இயந்திரன். ஜோயியின் உடல் சிதைந்துவிட, எஞ்சிய மின்சுற்றுப் பலகையைப் பாஸ்டர் எடுத்து வைத்துக்கொள்கிறான். சுட்டியால் ஒரு பொருளைத் தொட்டு நோக்குதல், எடுத்தல், பயன்படுத்துதல் என்பதே இவ்வகை விளையாட்டின் இலக்கணம். ஆகவே ஜோயி, கம்பித்துண்டு போன்றவற்றோடு சேர்த்து வைக்கப்படும் ஒரு பொருளாகிறது. வேறோர் இயந்திர உடலில் பொருத்தியதும் வாய்திறந்து, கிடைத்த உடல் தனக்கு ஏற்றதன்று எனக் குறைகூறும் நண்பனாகிறான்.

'ஆகிறது', 'ஆகிறான்' என்னும் இவ்விரு முடிபுகளுக்கிடையேதான் சிக்கல் உள்ளது. தமிழ் வினைமுற்று திணையைக் காட்டாமல் நகர்வதில்லை. மக்களை உயர்திணை என்றும் பிறவற்றை அஃறிணை என்றும் தொல்காப்பியம் வகுக்கும். உவப்பு, உயர்வு, சிறப்பு முதலிய காரணங்களால் திணை பிறழ்வதை நன்னூலார் வழுவமைதியாக ஏற்பர். பாஸ்டர் ஜோயியை அழைப்பது உவப்பு வழுவமைதியே எனலாமா? இறுதியில் கென் என்னும் மனித உருவில் அப்பலகை பொருத்தப்படும்போது அவ்விளக்கமும் போதாமற் போகிறது.

இச்சிக்கலைத் தமிழில் முன்னரே எதிர்கொண்டவர் சுஜாதா. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய அவர், 1980களில் ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா'வைத் தொடராக எழுதினார். ஈரெழுத்துப் பெயர்களும் பிள்ளைப்பேற்றுக்கு அரசின் அனுமதியும் விதிக்கப்பெற்ற நாடு அதில் காட்டப்படுகிறது. அங்கே ஜீனோ ஓர் இயந்திர நாய். நூல்களைப் படிக்கிறது, வாதிடுகிறது, நிலாவைக் காட்டிலும் கூர்மையாகச் சிந்திக்கிறது. எனினும் ஆசிரியர் அதனை அஃறிணை முடிபிலேயே நிறுத்துகிறார். நாயுருவம் அதற்கு வாய்ப்பளிக்கிறது. வாசகர் 'அது' எனப் படித்துக்கொண்டே ஆளுமை ஒன்றை உணர்வதால் நகையும் பரிவும் ஒருங்கே பிறக்கின்றன. வழுவமைதியைக் கையாளாமல் இதனைச் செய்தமை சுஜாதாவின் மொழித்திறன் எனலாம்; பாத்திரமாக நிலா மெலிந்துபோனது அதற்கு அவர் கொடுத்த விலை.

முடிவுகளில் இரண்டும் பெரிதும் வேறுபடுகின்றன. நாவலில் மக்கள் வணங்கிய ஜீவா வெறும் ஒளியுரு எனத் தெரியவருகிறது. அடுத்த நாவலான 'மீண்டும் ஜீனோ'வில் நிலா அரசியாகிறாள், ஆயினும் பிறர் ஆட்டுவிக்கும் அரசியாகவே. மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்குகொண்ட ஒருவரின் கற்பனை இது என்பது நோக்கத்தக்கது. விளையாட்டிலோ லிங்க்கின் இருக்கையில் கென் அமர்கிறான், நகரம் நலம்பெறுகிறது, பாஸ்டர் தன் நிலத்துக்குத் திரும்புகிறான். கொடிய இயந்திரத்தின் இடத்தில் நல்ல இயந்திரம் அமர்ந்ததே விடுதலையாகக் காட்டப்படுகிறது. குடிமக்கள் எவரும் அது குறித்துக் கேட்கப்படவில்லை. ஆடுவோரும் மறுக்க இயலாது. அவ்விடத்தில் சொடுக்குவதற்கு வேறு வழி அமைக்கப்படவில்லை.