மரைத்துளையின் மையம் எது?

அரியாலையில் கண்டி வீதியோரப் பட்டறையில் நீரிறைக்கும் இயந்திரத்தின் மூடி பொருந்தாவிட்டால், மூடித் துளையை அரத்தால் சற்று அகட்டி மரையாணியை இறக்கிவிடலாம். ஆயிரக்கணக்கில் பாகம் செய்யும் தொழிற்சாலைக்கு அந்த வழி இல்லை. மரைத்துளை எங்கே நிற்கிறது என்பதை ஆள்கூற்று அளவீட்டு இயந்திரம்தான் சொல்லவேண்டும். கொங்கோர்ட் விமான எஞ்சினுக்காக டேவிட் மக்மேட்ரி 1972இல் உருவாக்கிய தொடுமுனை, அந்த வேலையை விரைவாக்கியது. ஆனால் முனை எதைத் தொடுகிறது?

துளையின் உட்சுவரை ஒரே உயரத்தில் நான்கு இடங்களில் தொட்டு வட்டம் பொருத்துவதே பரவலான வழக்கம். வேகமானது, எளியது. மரை வெட்டும் டாப் பெரும்பாலும் துரப்பணத் துளையைப் பின்பற்றியே இறங்குவதால், விடை அநேகமாகச் சரியாகவும் இருக்கும். சிக்கல், டாப் விலகிப்போகும் அந்தச் சில துளைகளில்தான். முனை தொடுவது துரப்பணம் விட்ட சுவரை. ஆணியைப் பிடிப்பதோ மரையின் சாய்முகங்கள். குறிப்பாக வேறு சொல்லப்படாவிட்டால், மரையின் இடம் என்பது அதன் இடைவிட்ட உருளையின் அச்சு என்றே அமெரிக்கத் தரநிலை ஒய்14.5 கொள்கிறது.

இன்னொரு பிழை கணக்கில் தெரிகிறது. எம்6 மரையின் புரியிடை 1 மி.மீ. அரைச் சுற்றில் மரை அரைப் புரியிடை ஏறிவிடுவதால், தொடுமுனையின் 2 மி.மீ. மாணிக்கக் குண்டு ஒரு பக்கம் முகட்டில் நிற்கையில் எதிர்ப்பக்கம் பள்ளத்துக்குள் 0.07 மி.மீ. வரை இறங்கலாம். மையம் அதில் பாதி நகரும். இடவிலகலை விட்டமாகச் சொல்வதால் அது மீண்டும் 0.07 ஆகிவிடும். வரைபடம் 0.2 அனுமதித்தால், மூன்றிலொரு பங்கை அளக்கும் முறையே தின்றுவிடுகிறது. கால் சுற்றுக்கு 0.25 மி.மீ. முனையை உயர்த்தித் தொட்டால் இது தீரும். செலவில்லாத இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மரையுள்ள அளவுத் தண்டைத் திருகி, அதன் வழுவழுப்பான மேற்பகுதியை அளப்பது மெய்ப் பயன்பாட்டுக்கு மிக நெருங்கியது. துளை அரைப் பாகை சாய்ந்தால் 20 மி.மீ. உயரத்தில் 0.17 மி.மீ. விலகல், மூடி உட்காரும் இடமே அது. ஆயினும் எம்6 மரையின் இடைவிட்டம் வழக்கமான 6எச் தரத்தில் 0.15 மி.மீ. வரை மாறலாம், தளர்ந்த மரையில் தண்டு ஆடும். தோள் முட்ட இறுக்கினாலோ, அது மரையை விட்டு மேற்பரப்புக்குச் செங்குத்தாக நிமிர்ந்து சாய்வை மறைத்துவிடும். விரியும் தண்டு இதைக் குறைக்கும், நேரம் தின்னும். முதல் பாகத்துக்கும், டாப் மாற்றிய பின்னரும் அந்த நேரத்தைக் கொடுக்கலாம். மற்றவற்றுக்கு உயர்த்தித் தொடும் முறை போதும்.

இவையெல்லாம் 20 பாகை செல்சியஸ் வெப்பநிலைக்கான கணக்கு. அரியாலை மதியத்தில் 32 பாகைக்குச் சூடேறிய அரை மீற்றர் அலுமினியப் பாகம் 0.14 மி.மீ. நீண்டிருக்கும். அளவு அறைக்குள் வந்த கையோடு அதைத் தொட்டால், விளிம்பிலிருந்து தூரத்திலுள்ள துளைக்கு மேற்சொன்ன எந்த முறையும் உதவாது. பாகம் ஆறும்வரை காத்திருக்கும் நேரத்தையும் வேலை அட்டவணையில் எழுதவேண்டும்.