அரசன் கட்டிய யானைகள்: ஒரு குறளும் ஒரு தலபுராணமும்

கும்பகோணத்திலிருந்து அணைக்கரை போகும் பஸ் திருப்பனந்தாளைத் தாண்டும்போது கோயில் திசை பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களில் நானும் ஒருவன். மூன்று தடவை. அந்த மூன்றுக்குள் சாமியைப் பற்றி ஓர் அசிங்கமான வாக்கியம் மனசுக்குள் ஓடிவிட்டால் கணக்கு செல்லாது, மறுபடியும் மூன்று. ப்ளஸ் டூ படிக்கும்போது கொள்ளிடம் பாலம் வரைக்கும் போட்டுக்கொண்டே போயிருக்கிறேன். பக்கத்து சீட்டுப் பெரியவர் ஒருத்தர், "தம்பிக்கு பக்தி ஜாஸ்தி"ன்னு மெச்சிக்கொண்டார்.

அது பக்தி இல்லை, ஓசிடி என்று தெரிய எனக்குப் பதினைந்து வருஷம் ஆனது. தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்கிறார்கள். இந்தக் குறிப்பில் என் நோயைவிட, அந்தப் பதினைந்து வருஷமும் நான் தப்பாகப் படித்துக்கொண்டிருந்த இரண்டு பிரதிகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஒன்று குறள், இன்னொன்று எங்கள் ஊர்க் கோயில் கதை.

முதலில் குறள். 282ஆவது, கள்ளாமை அதிகாரம். மனத்தால் நினைத்தாலே குற்றம் என்கிற அதன் முதல் பாதியைத்தான் பள்ளிக்கூடச் சுவரிலும் பட்டிமன்றத்திலும் கேட்டு வளர்ந்தோம். என் மாதிரி ஆளுக்கு அது ஒரு தீர்ப்பு. நினைச்சாச்சு, முடிஞ்சது.

மீதிப் பாதியை நிதானமாகப் படித்தது முப்பது வயசுக்கு மேல். அடுத்தவன் பொருளை வஞ்சகமாகத் 'திருடுவோம்' என்று எண்ணுவதைத்தான் வள்ளுவர் அங்கே சொல்கிறார். அந்த வினை தன்மைப் பன்மை, எதிர்காலம். ஒருவன் தனக்குள் எடுக்கிற முடிவு அது. அதிகாரமே துறவறவியலில் இருக்கிறது. பரிமேலழகரும் இதைத் துறந்தவர்க்குச் சொன்னதாகத்தான் உரை எழுதுகிறார்.

என் தலைக்குள் ஓடியவை எதுவும் 'ஓம்' என்று முடிந்ததில்லை. எல்லாம் 'ஓ' என்றே முடிந்தன. 'சாமியைத் திட்டிட்டேனோ', 'குழந்தையைத் தள்ளிவிட்டுடுவேனோ', 'எனக்கு இதுல ஆசை இருக்கோ'. அது சந்தேகத்தின் ஓகாரம். 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் இந்த நோயைச் 'சந்தேகப் பைத்தியம்' என்று அழைத்தது சும்மா இல்லை. திருடுவோம் என்று தீர்மானிக்கிறவனும், திருடிவிடுவேனோ என்று நடுங்குகிறவனும் ஒரே ஆள் இல்லை. குறள் முதலாமவனைக் கண்டிக்கிறது. நாம் அதைப் பாதியாக வெட்டி இரண்டாமவன் தலையில் கட்டிவிட்டோம்.

இந்த எண்ணங்கள் நோயாளிகளுக்கு மட்டும் வருகிறவையும் இல்லை. இலங்கையைச் சேர்ந்த உளவியலாளர் பத்மால் டி சில்வா, லண்டனில் ஸ்டான்லி ராக்மனோடு சேர்ந்து 1978இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். எந்த மனநோயும் இல்லாதவர்களிடம், வேண்டாத எண்ணங்கள் தானாக வந்து நுழைவதுண்டா என்று கேட்டார்கள். ஏறத்தாழ ஐந்தில் நாலு பேர் உண்டு என்றார்கள். உள்ளடக்கமும் நோயாளிகளுடையதை ஒத்தே இருந்தது: வன்முறை, காமம், அபசாரம். வித்தியாசம், நோயாளிக்கு அது அடிக்கடி வருகிறது, அதிக நேரம் தங்குகிறது, அதிகம் வதைக்கிறது, தள்ளிவிடுவதும் கஷ்டமாக இருக்கிறது. மற்றவர் 'சீ' என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறார். நாம் விசாரணைக் கமிஷன் வைக்கிறோம்.

இனி கோயில் கதை. மூலவர் அருணஜடேசுவரர், தமிழில் செஞ்சடையப்பர். தலமரம் பனை. சம்பந்தர் பதிகத்தில் கோயிலின் பெயர் தாடகையீச்சரம். இந்தத் தாடகை ராமாயணத் தாடகை இல்லை என்பார்கள் ஊரில். தினமும் சிவனுக்கு மாலை சாத்துகிறவள். ஒருநாள் இரண்டு கையாலும் மாலையைத் தூக்கும்போது புடவை நழுவுகிறது. முழங்கைகளால் இடுக்கிக்கொள்கிறாள். கையை உயர்த்த முடியவில்லை. லிங்கம் தலையைச் சாய்த்து மாலையை வாங்கிக்கொள்கிறது. இது தலபுராணம்.

அதற்கு அடுத்த பகுதியை 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடுகிறார். சாய்ந்த லிங்கத்தை நேராக்கிக் கும்பிட அரசன் ஆசைப்படுகிறான். யானைகளைப் பூட்டி இழுக்கிறான். நேராகவில்லை. ராப்பகலாகத் தீராத கவலையில் விழுகிறான். திருக்கடவூரிலிருந்து வந்த குங்கிலியக் கலய நாயனார் கயிற்றைத் தன் கழுத்தில் பூட்டி இழுக்கிறார். லிங்கம் நிமிர்கிறது.

சின்ன வயசில் எனக்குப் பிடித்தவர் கலயர். காரணம் இப்போது யோசித்தால் சங்கடமாக இருக்கிறது. தப்பைச் சரிசெய்ய வேண்டுமானால் உன்னையே வருத்திக்கொள் என்று அந்தக் கதை சொல்வதாக நினைத்தேன். பட்டினி கிடந்தேன், நூற்றியெட்டுத் தோப்புக்கரணம் போட்டேன். சேக்கிழார் சொல்வது அதுவே இல்லை. கலயர் எந்தப் பாவத்துக்கும் பரிகாரம் தேடி வரவில்லை. அவரிடம் குற்ற உணர்வு என்று ஒரு சொல்கூடக் கிடையாது. அன்பினால் வந்தார். என்னுடையதோ பயம். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், அதனால்தான் பஸ்ஸில் அந்தப் பெரியவர் ஏமாந்தார்.

எனக்கு நிஜமாகப் பொருந்துகிறவன் அரசன். லிங்கம் ஏன் சாய்ந்தது? ஒரு பெண்ணுக்கு இரங்கிச் சாய்ந்தது. அந்தச் சாய்வில் குறை ஏதும் இல்லை. அரசனுக்கோ அது கண்ணை உறுத்துகிறது, நேராக இருந்தாக வேண்டும். யானை பூட்டினான், கவலைதான் மிச்சம். நானும் இருபது வருஷமாக யானை பூட்டியவன்தான்: மறுபடி மூன்று, மறுபடி மந்திரம், அம்மாவிடம் மறுபடி "நான் கெட்டவனாம்மா?"

இது சேக்கிழாரின் நோக்கமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் அரசனைப் பழிக்கவில்லை, அவனுடைய ஆசையையும் பக்தியாகவே காட்டுகிறார். ஆனால் பலத்தால் நேராக்க முடியாத ஒன்று, அதை நேராக்கும் முயற்சியே கவலையாகிவிடும் நிலை, இரண்டையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். நான் அதைப் படிக்கிறேன், அவ்வளவுதான்.

தாடகையை உபன்யாசங்களில் மானம் காத்த பெண்ணாகச் சொல்வார்கள். நான் கவனிப்பது வேறு. நழுவியது அவள் விருப்பத்தால் இல்லை. நழுவியதால் தான் தகுதியற்றவள் என்று மாலையைக் கீழே போட்டுவிட்டு ஓடவும் இல்லை. சங்கடத்தோடே நின்றாள். புடவைதான் நழுவியது, எண்ணம் இல்லை. அந்த வித்தியாசம் தெரிந்துதான் சொல்கிறேன். நான் ஓடினேன் என்பதால் அவள் நின்றது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஓடியது திருக்கடவூரில். அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். யமனைச் சிவன் உதைத்த தலம், ஆயுசுக்காகச் செய்கிற சடங்கு. கலசத் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் என் மனசில் 'அப்பா செத்துப்போகட்டும்' என்று வந்துவிட்டால்? வந்தால் பலித்துவிடும் என்று நம்பினேன். வேன் நிறுத்தியிருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். போட்டோ எதிலும் நான் இல்லை. அப்பாவுக்கு ஏதோ கோபம் போல என்று அவர் நினைத்தார். அவர் ஆயுசைக் காப்பாற்றத்தான் வெளியே உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல எனக்கு ஆறு வருஷம் ஆனது. கேட்டுவிட்டு, "இதை அப்பவே சொல்லியிருக்கலாமேடா"ன்னார்.

சிகிச்சை இருக்கிறது. லண்டனில் விக்டர் மேயர் 1966இல் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். பயத்தைத் தூண்டுவதை எதிர்கொள்ள வைத்து, அதற்குப் பிறகு செய்யும் கட்டாயச் சடங்கை மட்டும் செய்யவிடாமல் தடுத்தார். இன்றைய முக்கியமான பயிற்சி அதிலிருந்து வளர்ந்ததுதான். மாத்திரைகளும் உண்டு, எனக்கு இரண்டும் சேர்ந்து உதவின. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் அரசின் டெலி மனஸ் எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. மேலே நான் குறளுக்கும் தாடகைக்கும் சொன்ன விளக்கம் ஆறுதலாக இருந்தால் ஒருமுறை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எண்ணத்துக்கும் 'இது ஓமா, ஓவா' என்று சோதிக்க ஆரம்பித்தால் அதுவும் ஒரு யானைதான். நான் கொஞ்ச நாள் அப்படிச் சோதித்தேன். டாக்டர் சிரித்துவிட்டு, "இலக்கணத்தையும் விட்டுவைக்கலையா"ன்னு கேட்டார்.

போன மாசம் அம்மாவோடு கோயிலுக்குப் போனேன். தீபாராதனை நேரத்தில் வழக்கமான வாக்கியம் வந்தது. கன்னத்தில் ஒரு தடவை போட்டுக்கொண்டேன். சரியாகப் போட்டேனா என்று தெரியவில்லை. வயிற்றில் பழைய பிசைச்சல் இருந்தது. அம்மா விபூதியை மடித்துக்கொண்டு, "போலாமா?"ன்னாங்க. போனோம்.