இருட்டு எங்கே இருந்தது?

ஆப்பிரிக்காவுக்கென வரலாறு கிடையாது, அங்கே சென்ற ஐரோப்பியரின் வரலாறுதான் உண்டு, மற்றதெல்லாம் இருட்டு என்று 1963-இல் உரையாற்றினார் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் ஹியூ டிரெவர்-ரோப்பர். இருட்டு அந்தக் கண்டத்திலா, அறிஞரின் கண்ணிலா என்று கேட்கிறோம் நாம். அவர் அவ்விதம் பேசுவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, அவர் நாட்டுத் தலைநகரிலேயே, நைஜீரியரான கென்னத் டிக்கே ஆப்பிரிக்க வரலாற்றை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றுவிட்டாரே! நைஜர் கழிமுகத்து வணிகத்தையும் அரசியலையும் பற்றிய அவரது ஆய்வு, 1956-இல் நூலாகவும் வந்தது.

அந்நூலின் சிறப்பு யாது? கடற்கரை அரசுகள் வெள்ளை வணிகரின் கைப்பாவைகளல்ல. கடனையும் விலையையும் கணக்கிட்டு வாணிகம் நடத்தியவை என்று காட்டிற்று. அடிமையாக விற்கப்பட்ட ஜாஜா, 1869-இல் ஒப்போபோ என்ற அரசையே நிறுவினான். செம்பனை எண்ணெய் வாணிகத்திலே ஆங்கிலேயரை எதிர்த்து நின்றான். பிறப்பால் உயர்வு பேசுவோர் படிக்கவேண்டிய வாழ்வு அது! 1887-இல் பேச்சுவார்த்தைக்கென்று அழைத்து, பிடித்து, நாடு கடத்தினர் அவனை. நாகரிகம் கற்பிக்க வந்தவர்களின் நாணயம் அது.

மக்கள் வாய்மொழியையும் சான்றாகக் கொண்டவர் டிக்கே என்று போற்றுகின்றனர். போற்றத்தக்கதே. எனினும், நூலின் பெரும்பகுதி ஆங்கில அரசின் ஆவணங்களின் மீதே நிற்கிறது. அரசரும் வணிகரும் அதிலே உலவுகின்றனர்; உள்நாட்டிலே எண்ணெய் எடுத்த பெண்களோ நிழலாகவே நிற்கின்றனர். இதை நாம் குறையென்றே கூறுவோம்.

ஆனால் டிக்கே நூலோடு நிற்கவில்லை. 1948-இல் தோன்றிய இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரி, 1962 வரை இலண்டன் பட்டத்தையே வழங்கிற்று. அத்தகைய இடத்திலே ஆப்பிரிக்க வரலாற்றைப் பாடமாக்க உழைத்தார். நாட்டின் ஆவணக் காப்பகத்துக்கு அடித்தளமிட்டார். தாளில்லாமல் ஆராய்ச்சி ஏது?

தாளில்லாத இடத்துக்கு வழி சொன்னவர் பெல்ஜிய நாட்டு யான் வன்சினா. காங்கோவிலும் ருவாண்டாவிலும் தங்கிக் கேட்டறிந்தவர். வாய்மொழி மரபை ஆயும் முறை பற்றி 1961-இல் நூல் வெளியிட்டார். சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், அதனால் ஆதாயம் யாருக்கு, அடுத்த ஊரார் அதையே எப்படிச் சொல்கின்றனர் என்று மாணவன் கேட்கவேண்டும். பாட்டன் சொன்னான் என்பதற்காகவே ஏற்பதும் தவறு. வெள்ளையன் எழுதினான் என்பதற்காகவே ஏற்பதும் தவறு. அரண்மனைப் பாடகனுக்கும் பொய்யுரைக்கக் காரணமுண்டல்லவா?

இபாதானிலே பயின்றோர் பேரரசுகளின் பெருமையை நிறையவே எழுதினர். பழிக்கப்பட்டவர் பழம்பெருமை தேடுவது இயற்கை. நமக்கும் அது புதிதன்று. இனி அங்கே ஆராய வரும் இளைஞர் வேறொன்றையும் கேட்கட்டும்: ஜாஜாவின் பீப்பாய்களை நிரப்பிய பெண்ணுக்குக் கிடைத்தது என்ன?