ஆலமரத்தடியில் எத்தனை பேர்?

இணையத்தில் பத்து வருடம் குப்பை கொட்டிய யாரைக் கேட்டாலும் ஒரு புலம்பல் வரும். "ஆரம்பத்துல நாங்க கொஞ்சப் பேர்தான், அப்போ நல்லா இருந்துச்சு. கூட்டம் வந்துச்சு, எல்லாம் போச்சு." இந்தப் புலம்பலுக்குப் பெயரே உண்டு: முடியாத செப்டம்பர். யூஸ்நெட் காலத்தில் ஒவ்வொரு செப்டம்பரிலும் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்த புது மாணவர்கள் உள்ளே வந்து கன்னாபின்னாவென்று எழுதுவார்கள். பழையவர்களிடம் நாலு குட்டு வாங்கி, கொஞ்ச நாளில் அடங்கிவிடுவார்கள். 1993 கடைசியிலும் 1994-லும் ஏஓஎல் போன்ற நிறுவனங்கள் தங்கள் சந்தாதாரர்களுக்கு யூஸ்நெட்டைத் திறந்துவிட்டன. அதன் பிறகு வருடம் முழுக்கச் செப்டம்பர்தான் என்று பழையவர்கள் சலித்துக்கொண்டார்கள்.

சிறுசு நல்லது, பெருசு கெட்டது என்று இந்தக் கதை சுலபமாகப் பிரித்துவிடுகிறது. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. சோதித்துப் பார்க்க விக்கிப்பீடியா வசதியான இடம். எல்லா மொழிக்கும் மென்பொருள் ஒன்றுதான், அடிப்படைக் கொள்கையும் ஏறக்குறைய ஒன்றுதான், கட்டுரைக்குப் பின்னால் பேச்சுப் பக்கமும் உண்டு. ஆள் எண்ணிக்கைதான் மலைக்கும் மடுவுக்கும்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் பொது விஷயம் பேசும் இடத்துக்கு 'ஊர்க் குழாயடி' என்று அர்த்தம் வரும் பெயர். தமிழில் அதே இடத்துக்கு ஆலமரத்தடி. (நம்ம ஊரில் குழாயடி என்றாலே சண்டைதான், அதனால் மாற்றினார்களோ என்னவோ.) ஆங்கிலக் குழாயடியை ஒரே இடமாக வைத்திருக்க முடியாமல் கொள்கைக்கு ஒன்று, தொழில்நுட்பத்துக்கு ஒன்று, புது யோசனைகளுக்கு ஒன்று என்று பிரித்துவிட்டார்கள். எந்த விவாதத்திலும் விதிகளின் சுருக்கெழுத்துகள் பறக்கும். தீராத தகராறுகளுக்குத் தேர்தல் வைத்து நடுவர் குழுவே அமைத்திருக்கிறார்கள். புதிதாக வருகிறவருக்கு இது தாலுகா ஆபீஸில் நுழைந்த மாதிரி இருக்கும். அங்கே சுறுசுறுப்பாக எழுதுவோரின் எண்ணிக்கை 2007-இல் உச்சம் தொட்டுக் குறைய ஆரம்பித்தது. ஆரன் ஹால்ஃபேக்கரும் அவருடைய சகாக்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை அதற்கு ஒரு காரணம் சொல்கிறது. தரத்தைக் காக்கக் கொண்டுவந்த கருவிகளும் இறுகிப்போன விதிகளும், நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களையும் சேர்த்து விரட்டிவிட்டனவாம்.

தமிழில் அப்படி இல்லை. பலர் சொந்தப் பெயரிலேயே எழுதுகிறார்கள். ஒரு யோசனைக்குக் கீழே கட்டைவிரலோடு 'விருப்பம்' என்று நாலு பேர் போடுவார்கள், கூடவே வாழ்த்தும் வரும். சண்டையே இல்லை என்று சொல்ல வரவில்லை. கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்று நடந்த விவாதங்களைப் படிக்க ஒரு ராத்திரி போதாது. ஆனால் எதிரெதிரே நின்றவர்கள் மறுநாளும் அதே இடத்தில்தான் வேலை செய்தாக வேண்டும், வேறு ஆள் கிடையாது. அந்த மரியாதையைக் குணம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது, தேவையும் சேர்ந்ததுதான் அது. இருக்கும் ஒருவர் கோபித்துக்கொண்டு போனால் அவர் பார்த்துவந்த துறையே அனாதையாகிவிடும்.

இதற்கு ஒரு விலை இருக்கிறது. ஒருத்தரும் போய்விடக் கூடாது என்றால், ஒருத்தரிடமும் கசப்பானதைச் சொல்ல முடியாது. ஆள் குறைவு என்றால் பார்க்கும் கண்ணும் குறைவு.

ஸ்காட்ஸ் விக்கிப்பீடியாவில் நடந்தது இதுதான். ஸ்காட்லாந்தில் பேசப்படும் ஸ்காட்ஸ், ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவுமொழி. அதன் விக்கிப்பீடியாவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள், 2020-இல் ஒரே ஆள் தொடங்கியவையாக இருந்தன. அவர் அந்த மொழி தெரியாத ஓர் அமெரிக்கப் பையன், பன்னிரண்டு வயதில் எழுத ஆரம்பித்தவன். ஆங்கில வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அகராதி பார்த்து வார்த்தைகளை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறான். கெட்ட எண்ணம் இல்லை, நிஜமான உழைப்பு. அவனை நிர்வாகியாகவும் ஆக்கியிருந்தார்கள். பல வருடம் இது ஓடியது.

2020 ஆகஸ்டில் விஷயத்தைப் போட்டு உடைத்தது ரெடிட். முன்பின் தெரியாத ஒருவர் அங்கே ஒரு பதிவு போட்டார், இரண்டு நாளில் பத்திரிகைகள் வரை போய்விட்டது. சின்ன இடம் வருடக்கணக்கில் பார்க்காததைப் பெரிய இடம் சில மணி நேரத்தில் பார்த்தது. கையோடு அந்தப் பையன் மீது வசை மழையும் ஆரம்பமானது. தாட்சண்யம் பார்க்காத கூட்டத்தால்தான் உண்மையை உரக்கச் சொல்ல முடிந்தது. அதே காரணத்தால்தான் அது ஒரு சிறுவனைக் கல்லால் அடிக்கவும் செய்தது. கட்டுரைகளைத் திருத்த மொழி தெரிந்தவர்கள் உட்கார வேண்டியிருந்தது, அதைக் கூட்டத்தால் தர முடியாது.

ஸ்காட்ஸில் அசட்டை என்றால் குரோவேஷிய மொழியில் கைப்பற்றலே நடந்தது. அங்கே ஒரு சிறு நிர்வாகிகள் குழு ஏறக்குறைய பத்தாண்டு, இரண்டாம் உலகப் போர்க்கால உஸ்தாஷா ஆட்சியின் வரலாற்றை வெள்ளையடித்து எழுதியது. எதிர்த்தவர்களைத் தடை செய்து வெளியேற்றியது. நாட்டின் கல்வி அமைச்சரே 2013-இல் மாணவர்களை அதை நம்ப வேண்டாம் என்று எச்சரித்தார். விக்கிமீடியா அறக்கட்டளையின் விரிவான அறிக்கை வர 2021 ஆனது. உள்ளே இருந்தவர்களுக்கு அது ஒருவேளை ரொம்ப இணக்கமான இடமாகவே இருந்திருக்கும். இணங்காதவர்கள்தான் போய்விட்டார்களே.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு யூஸ்நெட்டைத் திரும்பிப் பார்த்தால், பழைய ஒழுங்குக்குக் காரணம் எண்ணிக்கை மட்டும்தானா என்று சந்தேகம் வருகிறது. அன்று பெரும்பாலானவர்களுக்கு இணைப்பு கொடுத்தது பல்கலைக்கழகமோ வேலை பார்த்த நிறுவனமோதான். அத்துமீறினால் அங்கிருக்கும் கணினி நிர்வாகிக்குப் புகார் போகும், கணக்கு பறிபோகலாம். வாசலில் காவலாளி நின்ற வீட்டை, உள்ளே இருந்தவர்கள் சாதுவான வீடு என்று நினைத்துக்கொண்டார்கள். உள்ளே விடப்படாதவர்களின் கருத்தை யாரும் கேட்கவில்லை.

சின்னக் குழுக்கள் எனக்கும் பிடிக்கும், நேரம் போவதும் அங்கேதான். ஆனால் புதிதாக ஒன்றில் சேர்ந்தால் இப்போதெல்லாம் வரவேற்புச் செய்தியைப் பார்த்து மயங்குவதில்லை. பழைய விவாதங்களுக்குள் போய், மூத்த உறுப்பினர் ஒருவரிடம் "இது தப்புங்க" என்று புது ஆள் யாராவது சொல்லியிருக்கிறாரா என்று தேடுகிறேன். அப்படி ஒருவர் கிடைத்துவிட்டால், அவர் அதன் பிறகும் அங்கே எழுதுகிறாரா என்று பார்க்கிறேன்.