குடையும் குரங்கும் முதலாளியும்: சிபில் வெத்தசிங்ஹவின் சித்திரக் கதைகள் பற்றிச் சில சிந்தனைகள்

ஈழத்துத் தமிழ் விமர்சனம் நாவலையும் சிறுகதையையும் கவிதையையும் சமூகவியல் நோக்கில் ஆராயத் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. நாட்டுக்கூத்தும் நாட்டார் பாடலுங்கூட அந்நோக்கின் எல்லைக்குள் வந்துவிட்டன. பேராசிரியர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் இட்ட பாதையில் நடந்த நம்மவர், இலக்கியத்தை அதனைத் தோற்றுவித்த சமுதாயத்தினின்றும் பிரித்து நோக்க மறுத்தமை பெருஞ் சாதனையே. ஆயினும், சிறுவர்க்கென வரையப்படும் நகைச்சுவைச் சித்திரக் கதை மட்டும் இன்றும் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறது. பரிசளிப்பு விழாவுக்கு மொத்தமாக வாங்கப்படும் பொருளாகவே அது கருதப்படுகிறது. ஒரு குழந்தை சொத்து, விலை, களவு, வேலை என்பவற்றைப் பற்றிய தன் முதற் கருத்துக்களை எங்கிருந்து பெறுகிறது என்னும் வினாவை எழுப்புவோமாயின் இந்த அலட்சியம் எத்துணை பெரிய தவறு என்பது புலனாகும். கருத்துநிலை ஐந்து வயதிலேயே வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது.

இக்கட்டுரை சிங்கள ஓவியரும் கதாசிரியருமான சிபில் வெத்தசிங்ஹவை எடுத்துக்கொள்கிறது. தமிழ்ச் சங்கமொன்றின் ஏட்டில் இதற்கு இடமேன் என வினவுவோர் சற்றுப் பொறுத்திருப்பாராக.

1927இல் காலிக்கு அண்மையிலுள்ள கிந்தோட்டையிற் பிறந்த சிபில், சிறுவயதிலேயே கொழும்புக்கு வந்தவர். பதினைந்து வயதளவில், எச். டி. சுகதபால ஆக்கிய 'நவ மக' என்னும் பாடநூலுக்குப் படம் வரைந்தார். 1948இல் 'லங்காதீப' பத்திரிகையிற் சேர்ந்தார். 1952 அளவில் லேக் ஹவுஸ் நிறுவனத்தின் 'ஜனதா'வுக்கு மாறினார். பத்திரிகை அலுவலகம் ஆண்களின் தொழிற்களமாக இருந்த காலத்தில் ஓர் இளம்பெண் அங்கு தூரிகையுடன் அமர்ந்தமை குறிப்பிடத்தக்கது. 'குட ஹொரா' (குடை திருடன்) 1956இல் நூலாக வெளிவந்தது. 1980களில் ஜப்பானிற் பரிசு பெற்றுப் பல மொழிகளுக்குச் சென்றது. அவர் எழுதியும் வரைந்தும் வெளியிட்ட நூல்கள் இருநூறுக்கு மேற்பட்டவை. 2020இல், தமது 92ஆவது வயதில், அவர் மறைந்தார்.

வாழ்க்கைக் குறிப்பு இவ்வளவு போதும். நாம் கவனிக்க வேண்டுவது அக்கோட்டின் தன்மையை.

சிபிலின் கோடு தடித்தது, தயக்கமற்றது. அவருடைய மாந்தர் உருண்ட கண்களும் கொண்டை முடியும் கொண்டவர்கள். அவர்களது சாரத்திலும் சட்டையிலும் புள்ளியும் கட்டமும் பூவும் நெருங்கிக் கிடக்கும், நிழலென்பது அரிது. இதனை வெறுமனே 'கிராமிய எளிமை' எனப் புகழ்ந்து செல்வது வழக்கம். கண்டிக் காலச் சுவரோவியங்களோடு ஒப்பிடுவோரும் உளர். தெகல்தொருவை விகாரையில் ஜாதகக் கதைகள் கிடைப்பட்டைகளாக நீண்டு, ஒரே மனிதன் ஒரே பட்டையிற் பலமுறை தோன்றி நடந்து செல்வதைக் கண்டவர்க்கு அவ்வொப்பீடு இயல்பாகவே தோன்றும். அதில் உண்மை உண்டு. ஆனால் மரபு தானாக வந்து ஓவியரின் கையில் அமர்ந்துவிடுவதில்லை. அக்காலப் பத்திரிகை அச்சில் படங்கள் நாகத்தகட்டுப் பிளாக்குகளாக ஏறின. கோட்டுப் பிளாக்கில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு. சாம்பல் நிறம் கிடையாது. மெல்லிய கோடு மலிவான பத்திரிகைத் தாளிற் சிதைந்துவிடும். ஆகவே தடித்த கோடும், நிழலுக்குப் பதிலாகத் துணியின் கோலமும் அத்தொழிற் சாதனத்தின் தேவைகளாயின. சுவரோவிய மரபு அத்தேவைக்கு விடையாகப் பயன்பட்டது என்பதே எமது துணிபு. வாரந்தோறும் குறித்த நாளில் படம் கொடுத்தாக வேண்டிய கூலியுழைப்பு, அவருடைய பாணியின் பிறப்பிடங்களுள் ஒன்று. கலைஞரின் 'ஆன்மா' பற்றிப் பேசுவோர் பிளாக் செய்யும் அறையையும் ஒருமுறை எட்டிப் பார்த்தல் நலம்.

இனிக் 'குட ஹொரா'வுக்கு வருவோம். கதை மிகச் சிறியது. குடையை அறியாத ஒரு கிராமம். மழை வந்தால் மக்கள் வாழையிலை முதலியவற்றால் தலையை மறைத்துக்கொள்வர். அவ்வூர்க் கிரி மாமா (மாமா என்னும் முறைப்பெயர் இரு மொழிகளுக்கும் பொதுவானது) முதன்முறையாகப் பட்டினம் செல்கிறார். வண்ண வண்ணக் குடைகளைக் கண்டு வியந்து ஒன்றை வாங்குகிறார். மாலையில் ஊர் திரும்பி, குடையை ஒதுக்குப்புறமாக வைத்துவிட்டுக் கோப்பிக் கடைக்குள் நுழைகிறார். வெளியே வந்தால் குடையைக் காணோம். மறுமுறையும் வாங்குகிறார், மறுமுறையும் களவு போகிறது. பன்முறை இவ்வாறு நிகழ்ந்தபின், குடையின் மடிப்புக்குள் கடதாசித் துண்டுகளை இட்டு வைத்து, அவை சிந்திய வழியே காட்டுக்குட் செல்கிறார். அங்கே ஒரு மரத்தில் எல்லாக் குடைகளும் தொங்குகின்றன. ஒன்றைத் திருடனுக்கென விட்டுவிட்டு ஏனையவற்றை எடுத்து வந்து ஊரில் குடைக் கடை திறக்கிறார். ஊரார் வாங்கிக்கொள்கின்றனர். திருடன் ஒரு குரங்கு என்பது முடிவிலேதான் தெரிகிறது.

குழந்தைகள் சிரிக்கின்றனர். நாமும் சிரிக்கிறோம். சிரித்து முடித்தபின் பார்த்தால், ஒரு கிராமத்துக்குள் பண்டம் நுழைந்த வரலாறே இங்கு வரையப்பட்டிருப்பது தெரிகிறது. இலை பயன்பெறுமதி மட்டுமே உடையது. மரத்திற் கிடைக்கும், நனைந்தபின் எறியப்படும், எவரும் அதைத் திருடார். குடைக்கு விலை உண்டு. விலை உள்ளதனாலேயே அதனை ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறது. ஒளித்து வைக்க வேண்டியதனாலேயே களவும் தோன்றுகிறது. பட்டினம், பேருந்து, கோப்பிக் கடை, குடை, திருட்டு, கடை என்னும் வரிசையைச் சிபில் எங்கும் விளக்கவில்லை, வரைந்துகொண்டே போகிறார். இறுதியிற் களவாடப்பட்ட பொருள்களின் தொகுதியே வணிகத்தின் முதலாக மாறுகிறது. மூலதனத்தின் ஆதித் திரட்டலைப் பற்றி மார்க்ஸ் எழுதியவற்றில் இரத்தமும் தீயும் உண்டு. இங்கே ஒரு குரங்கு மட்டுமே உண்டு. அந்தக் குரங்கு இல்லாவிடின் கிரி மாமா கடை திறந்திருக்க மாட்டார். ஒற்றைக் குடையோடு ஊர் சுற்றிப் பெருமை பேசிக் காலங் கழித்திருப்பார்.

கிரி மாமா இறுதியில் ஒரு 'முதலாளி' ஆகிறார். சிங்களத்தில் 'முதலாளி' என்னும் சொல் தென்னிந்திய வணிகரோடு வந்தது. அங்கு அது ஊர்க் கடைக்காரரையும் சிறு வணிகரையும் குறிக்கும். நாம் மேடையில் முதலாளி ஒழிக என்று முழங்குகையில், தமிழ் சிறிதளவே அறிந்த சிங்களத் தோழர் தம் ஊர்த் தேநீர்க் கடைக்காரர்மேல் நமக்கு ஏன் இத்துணை சினம் என வியந்தால் அதில் தவறில்லை. ஆனால் இச்சொல் வேறுபாட்டிற் சமூக உண்மையும் உண்டு. இலங்கைக் கிராமத்துக்குப் பண்டப் பொருளாதாரம் பெரும்பாலும் ஆலையின் உருவில் வரவில்லை. கடையின் உருவில், கடன் கொப்பியின் உருவில் வந்தது. சிபிலின் கடையிற் கடன் கொப்பி இல்லை. கிரி மாமா கடனுக்குக் குடை கொடுத்தாரா என்பது கதையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

நூல் வெளிவந்த ஆண்டையும் நோக்க வேண்டும். 1956 சிங்களக் கலையுலகின் பேராண்டு. பேராதனையோடு பிரிக்கவியலாத சரச்சந்திரவின் 'மனமே' நாடகமும், மார்ட்டின் விக்கிரமசிங்ஹவின் 'விராகய'வும், லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' திரைப்படமும் அவ்வாண்டுக்குரியவை. தனிச் சிங்களச் சட்டமும் அவ்வாண்டுக்குரியதே. கிராமம் அன்று தேசியத்தின் தூய ஊற்றாகப் போற்றப்பட்டது. அவ்வலையின் நடுவே தோன்றிய இச்சிறு நூல் கிராமத்தை வழிபடவில்லை என்பது எமக்கு முக்கியமாகப் படுகிறது. அதன் மாந்தர் பட்டினத்துப் பொருளைக் கண்டு ஆசைப்படுகின்றனர். அந்த ஆசையை ஓவியர் பழிக்கவுமில்லை, கிராமத்தானின் அறியாமையை ஏளனஞ் செய்யவுமில்லை. நகைச்சுவை யார்மேல் விழுகிறது என்பதே நகைச்சுவைக் கலையின் வர்க்க வினா. இந்தியச் சிறுவர் சஞ்சிகையான 'டிங்கிள்' வழி 1983 முதல் புகழ்பெற்ற சுப்பாண்டியை எண்ணிப் பார்க்கலாம். திருச்சி வாசகர் ஒருவர் அனுப்பிய கதைகளிலிருந்து எழுந்து, ராம் வயீர்கரின் கோட்டால் உருப்பெற்ற அப்பாத்திரம் ஒரு வேலைக்காரன். அவன் மடமையே சிரிப்பின் மூலம். எசமானின் கட்டளையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றி அவரையே அவன் நிலைகுலைய வைக்கும் இடங்களில் அச்சிரிப்பு வேறு திசைக்குத் திரும்புவதும் உண்டு. எனினும் பெரும்பாலும் வேலைக்காரனைப் பார்த்தே குழந்தை சிரிக்கப் பழகுகிறது. சிபிலின் உலகில் எசமானும் இல்லை, வேலைக்காரனும் இல்லை.

அங்கேதான் அவருடைய எல்லையும் தொடங்குகிறது.

கண்டி–மாத்தளை வீதியில், அக்குறணையைக் கடந்தால் வருவது அலவத்துகொட. சிங்களரும் முஸ்லிம்களும் தமிழரும் ஒரே கடைத்தெருவிற் சாமான் வாங்கும் ஊர். இங்கு நாம் குடியிருக்கும் வீட்டின் விறாந்தையில், மழைக்கால மாலையொன்றில், அயற்சிறுவர் சிலருக்கு இந்நூலைத் தமிழில் வாசித்துக் காட்டினோம். அக்குறணைப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவரின் மகன், மூன்றாவது குடை களவுபோன இடத்தில் நிறுத்தி, "கிரி மாமாவுக்கு ஏது இவ்வளவு காசு?" என்று கேட்டான். நூலில் விடையில்லை. கிரி மாமா உழுவதையோ விற்பதையோ ஓவியர் காட்டவில்லை. பணம் அவர் மடியில் மழைபோல் இருக்கிறது. முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தபோது பல நூல்களிடம் நாம் கேட்க மறந்த வினாவை அச்சிறுவன் கேட்டுவிட்டான்.

அயல் தோட்டமொன்றிலிருந்து வந்திருந்த எட்டு வயதுச் சிறுமி படங்களை மீண்டும் மீண்டும் புரட்டினாள். பிறகு சொன்னாள்: "எங்கம்மா குடை புடிச்சா எந்தக் கையால கொழுந்து பறிக்கிறது?"

கொழுந்து பறித்தல் இரு கைகளின் வேலை. மழையிலும் மலைச்சரிவில் நிற்கும் பெண் இடுப்பிற் படங்கைச் சுற்றிக்கொண்டு, தலையை ஏதேனும் ஒன்றால் மூடிக்கொண்டு பறிக்கிறாள். அவள் அருகே குடையின் கீழ் நின்று நிறை குறிப்பவர் வேறொருவர். ஆகவே அச்சிறுமிக்குக் குடை வியப்புக்குரிய பட்டினத்துப் பொருளன்று. மேற்பார்வை செய்பவரின் அடையாளம். சிபில் குடையற்ற கிராமத்தை வரைந்த 1956இல், இந்நாட்டின் ஏற்றுமதிச் செல்வத்தைத் தம் கைகளாற் பறித்துக் கொடுத்த மக்கள், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் விளைவாக நாடற்றவராக இருந்தனர். அந்நிலை சட்டப்படி முற்றாக நீங்க 2003 வரை செல்ல வேண்டியிருந்தது. அவருடைய தென்னிலங்கைக் கிராமத்திற் காடு இருக்கிறது, குரங்கு இருக்கிறது; தோட்டம் இல்லை, லயம் இல்லை. இதற்காக அவரைத் தனியே குற்றஞ் சாட்டுவது நேர்மையாகாது. அவர் தாம் வளர்ந்த கடலோரத்தின் உலகை வரைந்தார். தம் இளமை நினைவுகளை விரிக்கும் 'சைல்ட் இன் மீ' என்னும் ஆங்கில நூலும் (1990களின் நடுப்பகுதியில் கிராசியன் பரிசு பெற்றது) அவ்வுலகையே காட்டுகிறது.

வினா உண்மையில் நமக்குரியது. லேக் ஹவுஸின் தமிழ் நாளேடான 'தினகரன்' வாயிலாகத்தான் கரவெட்டிச் சிவஞானசுந்தரத்தின் 'சவாரித்தம்பர்' ஈழத்துத் தமிழரைச் சிரிக்கவைத்தார். பம்பாயிற் பயின்று திரும்பிய சுந்தர், பின்னர் 'சிரித்திரன்' சஞ்சிகையால் ஒரு தலைமுறையின் நகைச்சுவையுணர்வையே மாற்றியவர். யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கத்தின் போலிமையை அவரளவு கூர்மையாகக் கிழித்தவர் வேறு எவருமிலர். ஆயினும் அவரது வீச்சு முதன்மையாக வளர்ந்தோர்க்குரியது. அதன் நிலமும் பெரும்பாலும் வடக்கே. ஒரே நிறுவனத்தின் கூரையின்கீழ் இரு மொழிகளில் இரு சிரிப்புகள் அச்சேறின. மலையகத் தமிழ்க் குழந்தை இரண்டின் சட்டகத்துக்கும் வெளியே மழையில் நின்றது. சி. வி. வேலுப்பிள்ளை முதலாகத் தோட்ட மக்களின் துயரை எழுதியோர் நமக்கு உண்டு. அக்குழந்தையைச் சிரிக்கவைத்து, அச்சிரிப்பினூடே தன் உலகைக் காணவைத்த ஓவியக்கோடு அத்துணை வலுவாக எழவில்லை. துயரத்தை மட்டுமே முற்போக்கு எனக் கருதிய நம் விமர்சனத்துக்கும் இதிற் பங்குண்டு. சிரிப்பைப் பொழுதுபோக்கு எனத் தள்ளி அதை வணிகச் சஞ்சிகைகளிடம் ஒப்படைத்தவர்கள் நாமே.

சிபிலின் இறுதி முயற்சி இவ்வகையிற் சிந்தனைக்குரியது. முடிவு எழுதப்படாத ஒரு கதையைச் சிறுவர்முன் வைத்து அவர்களிடமே முடிவுகளைக் கோரினார். வந்தவற்றுள் 1250 முடிவுகள் நூலிற் சேர்க்கப்பட்டன. 2020இல் அது கின்னஸ் சாதனையாகப் பதிவாயிற்று. சாதனைப் பட்டியலின் ஆரவாரம் ஒருபுறம் கிடக்க, தொண்ணூறு கடந்த ஓவியர் ஒருவர் ஆசிரியனுக்குரிய இறுதிச் சொல்லை வாசகரிடம் கையளித்தார் என்பதே எமக்குப் பெரிது. நுகர்வோராக மட்டும் இருந்த குழந்தைகள் அங்கு உற்பத்தியில் இறங்குகின்றனர்.

அம்முறையைப் பின்பற்றி, அலவத்துகொடச் சிறுவரிடமும் கடதாசியும் நிறப்பென்சிலும் கொடுத்துக் குடை திருடனுக்கு வேறு முடிவு கேட்டோம். கடைக்காரரின் மகன் குரங்கைக் காசாளர் மேசையில் இருத்தினான். தோட்டத்துச் சிறுமி, மரத்தில் தொங்கிய குடைகளையெல்லாம் குரங்கு மலைமேல் எடுத்து வருவதாக வரைந்தாள். ஒவ்வொரு பெண்ணின் முதுகிலும் கொழுந்துக் கூடை. கூடைக்குள் செருகிய குடைக்காம்பு. தலைக்குமேல் விரிந்த குடை. இரு கைகளும் செடியில். கீழே கணக்கப்பிள்ளை வாழையிலை பிடித்து நின்றார். கடையை அவள் வரையவில்லை. கடை எங்கே எனக் கேட்டோம். "இதுல இடம் இல்ல" என்று தாளின் மறுபக்கத்தைக் காட்டினாள். அதில் ஏற்கெனவே வீட்டுக்கணக்கு எழுதப்பட்டிருந்தது.