திவானுக்கு ஒரு நியாயம், பஞ்சமிக்கு ஒரு நியாயம்

கேரளத்தில் பத்திரிகைத் துணிச்சல் என்று பேச்செடுத்தால் முதலில் வரும் பெயர் சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை. 1878-ல் நெய்யாற்றின்கரையில் பிறந்தவர். 1906-ல், வக்கம் அப்துல் காதர் மௌலவியின் 'சுதேசாபிமானி' இதழுக்கு ஆசிரியரானார். அடுத்த நான்கு ஆண்டுகளில் அதிகாரிகளின் லஞ்சம், அரண்மனைக்கு வேண்டியவர்களின் ஆட்டம், திருவிதாங்கூர் திவான் பி. ராஜகோபாலாச்சாரியின் நிர்வாகம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை.

1910 செப்டம்பர் 26 அன்று பதில் சொல்ல வந்தது போலீஸ். மூலம் திருநாள் மகாராஜாவின் ஆணைப்படி இதழ் தடை செய்யப்பட்டது, அச்சகம் பறிமுதலானது, ஆசிரியர் நாடுகடத்தப்பட்டார். இன்றைக்குப் பாறசாலை தாண்டிக் களியக்காவிளை வந்தாலே கேரளம் முடிந்துவிடும். அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை எல்லாமே திருவிதாங்கூர் மண். அதனால் ஆரல்வாய்மொழி வரை கொண்டுபோய்த் திருநெல்வேலிச் சீமைக்குள் அனுப்பினார்கள். பிறகு அவர் ஊர் திரும்பவே இல்லை. 1916-ல் கண்ணூரில் இறந்தபோது வயது 37.

அவருடைய விமர்சன முறையின் பலம் என்ன? 1904 முதல் ஸ்ரீமூலம் பிரஜா சபை இருந்தது உண்மைதான். ஆனால் அங்கே குறைகளை முறையிடலாமே தவிர, திவானைக் கணக்குக் கேட்க முடியாது. அந்தக் கேள்வியைக் கேட்டது இந்த இதழ். அதற்கு இடம் கொடுத்தவர் மௌலவி. ஆசிரியரின் பேனாவில் அவர் கை வைத்ததில்லை. அச்சகம் பறிபோன பிறகும் அரசிடம் பணிந்து போகவில்லை. விமர்சகனைக் கொண்டாடும் நாம், அவனுக்காக நஷ்டப்படத் துணிந்தவரை இரண்டாம் இடத்தில் வைத்துவிடுகிறோம். அது சரியல்ல.

குறைகளும் சிறியவை அல்ல. திவானின் நிர்வாகத்தோடு அவருடைய அந்தரங்க ஒழுக்கத்தையும் சேர்த்தே பிள்ளை தாக்கினார். லஞ்சக் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய அரசு, அவதூறு என்று கூறி நழுவ இது வழிவிட்டது.

இதைவிடப் பெரிய குறை 1910 மார்ச் 2 தலையங்கம். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட புலையர் சாதிப் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்காரவைப்பது, குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவதற்குச் சமம் என்ற பொருளில் அது எழுதியது. அன்றைய நெய்யாற்றின்கரை தாலுகாவைச் சேர்ந்த ஊரூட்டம்பலத்தில்தான் புலையர் தலைவர் அய்யங்காளி, பஞ்சமி என்ற புலையர் சிறுமியைப் பள்ளிக்கு அழைத்துப் போனார். அவள் உட்கார்ந்ததற்காக அந்தப் பள்ளியையே கொளுத்தினார்கள். எரிந்து மிஞ்சிய பெஞ்சு ஒன்று இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. திவானின் அதிகாரத்தைக் கேள்வி கேட்ட பேனா, சொந்த ஊர்ப்பக்கத்து ஆதிக்க சாதியாரின் அதிகாரத்துக்கு வக்காலத்து வாங்கியது. இந்த ஒரு விஷயத்திலாவது திவான் ஆசிரியரைவிட முன்னால் நின்றார்: புலையர் பிள்ளைகளின் பள்ளி அனுமதிக்கு ஆதரவாக இருந்தவர் அவர், அய்யங்காளி 1911-ல் பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்டதும் அவர் காலத்தில்தான்.

நாடுகடத்தல் செய்த கேடு இங்கேதான் தெரிகிறது. இதழ் உயிரோடு இருந்திருந்தால், அந்தத் தலையங்கத்துக்கு அதன் பக்கங்களிலேயே மறுப்பு வந்திருக்கலாம். பிள்ளை தன் கருத்தை மாற்றிக்கொள்ளவோ, அதற்காக வாதாடவோ நேர்ந்திருக்கும். அரசு அந்த வாய்ப்பை அடைத்தது. வாயடைக்கப்பட்டவர் தியாகி ஆனார். தியாகியிடம் குறை சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை. அவரைத் தண்டித்தவர்களே அவரை விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவராகவும் ஆக்கிவிட்டார்கள்.

1957-ல் திருவனந்தபுரத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள். கேரள அரசு பத்திரிகையாளர்களுக்கு வழங்கும் உயரிய விருதிலும் அவர் பெயர் இருக்கிறது. இரண்டுக்கும் அவர் தகுதியானவர்தான். இதழியல் தொழிலைப் பற்றி 1912-ல் அவர் எழுதிய 'விருத்தாந்தபத்திரப் பிரவர்த்தனம்' நூலை மாணவர்கள் கட்டாயம் படிக்கட்டும். கூடவே அந்த மார்ச் 2 தலையங்கத்தையும் அவர்கள் கையில் கொடுத்து, ஊரூட்டம்பலத்துப் பெஞ்சைப் பார்த்துவிட்டு வரச்சொல்லி, அதற்கு ஒரு மறுப்பு எழுத வைக்க வேண்டும்.